கீழே நின்றவர்

"தம்பீ! அந்தக் கயித்துக்காரன் போனப் பாத்துக்கிட்டு நிக்கிறான்!"

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் உச்சியில் ஒரு பாறை இருக்கிறது. நான் அப்போது அதில் தரையிலிருந்து ஐம்பதடி உயரத்தில், இடது கால் பெருவிரலில் நின்றுகொண்டிருந்தேன். குரல் கீழேயிருந்த தேயிலை மலையிலிருந்து வந்தது. முதுகில் கூடையோடு ஒரு பெண், பறிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன பக்கம் குனிந்து பார்த்தேன். என் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டிய கூட்டாளி ஒரு கையில் போனும் மறு கை காற்சட்டைப் பைக்குள்ளுமாக நின்றான்.

இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் அசரவில்லை. இடுப்பில் தொங்கிய கருவியைத் தட்டிக் காட்டி, "அதான் பூட்டு இருக்கே மச்சான், நீ விழுந்தா அது பிடிச்சுக்கும்" என்றான்.

பாறை ஏறாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறுகிறவன் இடுப்புப் பட்டியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுவான். பாறையில் ஆளுயரத்துக்கு ஒன்றாக இரும்பு வளையம் அடித்திருக்கும். ஒவ்வொன்றிலும் கொளுக்கி மாட்டி, கயிற்றை அதற்குள் போட்டுக்கொண்டே போக வேண்டும். கீழே நிற்பவர் வேண்டிய அளவு கயிற்றை விட்டுக்கொடுப்பார். அவர் இடுப்பிலுள்ள கருவி வழியாகத்தான் கயிறு ஓடும். மேலே இருப்பவன் விழுந்தால் கயிறு வெடுக்கென்று இழுபடும்; கருவிக்குள் இருக்கிற இரும்பு நாக்கு திரும்பிக் கயிற்றை நசுக்கிப் பிடிக்கும். நாங்கள் அதைப் பூட்டு என்போம். பாதி வேலையைத்தான் அது தானாகச் செய்யும். மீதிப் பாதி, கருவிக்குக் கீழே வருகிற கயிற்றை விடாமல் பிடித்திருக்கும் வலது கையுடையது. கயிறு நனைந்திருந்தால், மெலிந்திருந்தால், பதற்றத்தில் கருவியையே யாராவது பொத்திப் பிடித்துவிட்டால், அந்த நாக்கு திரும்பாமலும் போகும். அப்போது அந்தக் கை இருந்தால் உயிர் இருக்கும்.

அந்தக் கூட்டாளி இரண்டு மாதத்தில் ருமேனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு முன்னால் இருந்தவன் இத்தாலியில். நான் தெமோதரைக்காரன், கட்டாரில் உயரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்துக் கயிற்று வேலை பழகியவன். எல்லாரும் போகிற காலத்தில் திரும்பி வந்த மடையன் நான். பாறைக்குக் கீழே ஒரு விடுதி. அங்கே வரும் வெள்ளைக்காரர்களைப் பாறை ஏற்றுவது என் வேலை. முதலில் நான் ஏறிப்போய் உச்சியில் கயிறு போட்டால்தான் அவர்கள் ஏற முடியும். நான் ஏற, கீழே ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிடவும் ஆள் இல்லாமல் விடுதியின் பின்னறையில் தனியாகக் கிடந்தேன். அப்போதுதான் மலையிலிருந்து கத்தின அந்த அக்காவின் நினைப்பு வந்தது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்கு நாலு பேர் தன்னைப் பற்றிப் பேசுவது பிடிக்காது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கடைசிக் காம்பரா அவருடையது. நான் போனபோது அவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டிவிட்டு ஒரு முறை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறை இழுத்தார். மூன்று அடி நடந்து, திரும்பி வந்து மூன்றாம் முறையும் இழுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"நான் கைய எடுத்தா என்னாகும்?"

"நான் விழுந்தேன்னா அடிபடும் அக்கா. செத்தும் போகலாம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அப்ப வர்றேன்" என்றார். என்ன தருவீர்கள் என்று கேட்கவேயில்லை.

எதுவும் தானாக நிற்கும் என்று அவர் நம்பியதே இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் முன் சீட்டுக் கம்பியை இறங்கும்வரை விட மாட்டார். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த பிறகும் ஒரு விரல் அதன் காதில் இருக்கும். கூரைத் தகரத்தின் மேல் வைத்த கற்களை அந்தியில் போய் அசைத்துப் பார்ப்பார். "அது தானா நிக்குமே அக்கா" என்று ஒரு நாள் கேலி செய்தேன். "தானா நிக்கிறது மலை ஒண்ணுதான் தம்பி. அதுவும் மழைக்கு நிக்குமான்னு சந்தேகம்" என்றார். மழையில் மலை சரிந்து மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. நானும் சிரிக்கவில்லை.

இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொள்ள அவர் கூச்சப்படவே இல்லை. மகன் விட்டுப்போன காற்சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு, "படங்கு கட்டுற எடம்தானே" என்றார். மலையில் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றுகிற சாக்குத் துணிதான் படங்கு. முப்பது வருஷமாக அதைக் கட்டியவருக்கு இது ஒரு பொருட்டா? ஆள் மெலிவு. நான் விழுந்தால் அவரையே கயிறு தூக்கிவிடும் என்பதால் பின்னாலிருந்த யூகலிப்டஸ் மரத்தோடு ஒரு பட்டி போட்டுக் கட்டி வைத்தேன்.

இறக்குவதற்குப் பழக்க, உரச்சாக்கில் கல் நிரப்பி மேலே ஏற்றினேன். கருவியில் ஒரு கைப்பிடி உண்டு. அதை மெதுவாக இழுத்தால் கயிறு நழுவி ஆள் இறங்குவார். அக்கா இழுத்தார். சாக்கு வேகமாக வந்தது. பயந்து இன்னும் பலமாக இழுத்தார். சாக்கு தரையில் விழுந்து வெடித்து, கல் ஒன்று என் முழங்காலுக்கு வந்தது. "பயந்தா கை இழுக்கத்தான் பாக்கும் அக்கா. இதுல பயந்தா கைப்பிடிய விடணும். நிப்பாட்டுறது வலது கைதான்" என்றேன், நொண்டிக்கொண்டே. அவர் கற்களைப் பொறுக்கி வேறு சாக்கில் போட்டார். அன்றைக்கு அந்தச் சாக்கைப் பதினைந்து தடவையாவது இறக்கியிருப்பார். கடைசியில் அது பூனைக்குட்டி இறங்குவதுபோல இறங்கியது.

ஆனால் அவரிடம் இன்னொரு பிழை இருந்தது. அது வேறு யாரிடமும் வராது.

கொழுந்து பறிக்கிறவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். விரல் கிள்ளும், உள்ளங்கை நிறையும், நிறைந்ததும் கை தானாகத் தோளுக்கு மேலே போய்க் கூடைக்குள் வீசிவிட்டு வரும். கண் அடுத்த அரும்பில் இருக்கும். கை போனது அவர்களுக்கே தெரியாது. அக்காவும் கயிறு விட்டுக்கொடுக்கும்போது வலது உள்ளங்கை நிறைந்த உடனே கயிற்றை விட்டுவிட்டுக் கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோனார். நான் தரையில் நின்றுதான் பழக்கினேன், நல்ல வேளை. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ ஒருவரின் கையைப் பார்க்கிற மாதிரி.

மறுநாள் பழைய சேலைக்கரை ஒன்றைக் கிழித்துக் கொண்டு வந்தார். ஒரு நுனியை வலது முழங்கையில் கட்டி, மறு நுனியை இடுப்புப் பட்டியில் கட்டச் சொன்னார். கை முன்னும் பின்னும் போகும். தோளுக்கு மேல் எழும்பாது.

"யாருக்கா சொல்லிக் குடுத்தது?"

"பயிர மேயுற மாட்டுக்குக் கழுத்தையும் காலையும் சேத்துக் கட்டுறதில்லையா? அப்படித்தான்."

அதோடுதான் இரண்டு வருஷம் என் கயிற்றைப் பிடித்தார். நான் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தால் அவர் கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கண் என் மேல் இருக்கும்.

ஏறுவதற்கு முன் இரண்டு காரியம் செய்வார். "முடிச்சக் காட்டுங்க" என்பார். நான் காட்ட வேண்டும்; ஆயிரம் தடவை கட்டிய முடிச்சானாலும் காட்ட வேண்டும். பிறகு என் பக்கம் வருகிற கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பூட்டு பிடிக்கிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை போதும் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். அவர் மூன்று தடவை இழுப்பார். வெள்ளைக்காரர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், எனக்கு எரிச்சல் வரும். ஒரு நாள் காய்ச்சலோடு அவசரமாகக் கயிற்றை நானே கருவிக்குள் மாற்றிப் போட்டுவிட்டேன். மேல் நுனி கீழேயும் கீழ் நுனி மேலேயுமாக. அவர் இழுத்தார். பூட்டு பிடிக்கவில்லை, கயிறு சரசரவென்று ஓடியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சரியாகப் போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் மூன்று தடவை இழுத்துவிட்டு, "ஏறுங்க" என்றார்.

குவைத்தில் வீட்டு வேலையிலிருந்த மகள் ஞாயிறு காலையில்தான் பேச முடியும். நாங்கள் பாறையில் இருக்கிற நேரம் அது. அக்காவின் பைக்குள் போன் அடிக்கும். எடுக்க மாட்டார். "நான் மேல வளையத்துல நல்லா மாட்டிக்கிட்டேன் அக்கா, எடுத்துப் பேசுங்க" என்று கத்துவேன். தலையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று. நான் இறங்கி, முடிச்சை அவிழ்த்து, இரண்டு காலும் தரையில் நின்ற பிறகுதான் பையைத் திறப்பார். அதற்குள் வீட்டுக்கார அம்மா மகளிடமிருந்து போனை வாங்கி வைத்திருப்பாள். அக்கா கொஞ்ச நேரம் போனையே பார்த்துவிட்டு, "அவளுக்குத்தான் தெரியுமே, நான் வேலையில நிக்கிறேன்னு" என்பார். பாறை ஏறுவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்கள் வருவார்கள்.

அந்தச் சேலைக்கரையை அவிழ்க்கச் சொன்னது நான்தான்.

விடுதிக்கு விளம்பரப் படம் எடுக்க ஒருவன் வந்திருந்தான். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளைப் படத்தில் போட்டால் யார் வருவார்கள் என்றான். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. "இனி அது வேணாம் அக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு, கை பழகிருச்சு" என்றேன். தயங்கினார். "நெசமாவா?" என்று கேட்டார். நெசம் என்றேன். அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

இரண்டு வாரம் கழிந்து ஒரு பங்குனி நாள். ஆட்கள் யாரும் இல்லை. எனக்காக மட்டும் ஒரு கடினமான பாதையை ஏறிப் பார்க்க ஆசைப்பட்டேன், அக்கா வந்தார். நல்ல வெயில், தெற்கே சமவெளி தெளிவாகத் தெரிந்தது. அக்காவுக்கு அன்றைக்கு என்னவோ மனசு லேசாக இருந்தது. தன் கல்யாணத்தன்று பெரிய கங்காணிக்குப் போட்ட மாலையை ஆடு தின்ற கதையைச் சொன்னார். நான் மேலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே ஏறினேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பாறையில் இரண்டு பேர் இருக்கிறோம் என்ற நினைப்பு அன்றைக்குப் போல என்றைக்கும் வந்ததில்லை.

ஏழாவது வளையத்துக்குக் கயிறு இழுத்தேன். கேட்டதற்கு மேலேயே தாராளமாக வந்தது. மாட்டுவதற்குள் கை வழுக்கியது. விழுந்தேன். வழக்கம்போல வெடுக்கென்று நின்றேன். "நல்லாப் பிடிச்சீங்க அக்கா!" என்று கத்தினேன்.

கீழே சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக, மிக மெதுவாக என்னை இறக்கினார். தரைக்கு வந்து பார்த்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் பிடிக்கல தம்பி."

"என்னக்கா?"

"நீங்க விழுந்தப்ப என் கை கயித்துல இல்ல. கூடைக்குப் போயிருச்சு." தோளுக்குப் பின்னால் காட்டினார். அங்கே கூடையும் இல்லை, ஒன்றும் இல்லை. "சிரிச்சுக்கிட்டே இருந்தேன். மலையில எல்லாரும் சேந்து கத பேசிக்கிட்டு எடுக்குறாப்புல இருந்துச்சு. கை போனதே எனக்குத் தெரியல."

அவர் சொல்லாவிட்டால் எனக்கு ஒரு நாளும் தெரிந்திருக்காது. அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அக்கா."

"ஆனை சறுக்குனா ஆனைதான் விழும். நான் சறுக்குனா நீங்கல்ல விழுவீங்க."

எப்படியாவது அவரைத் தேற்ற வேண்டும் என்று எனக்குப் பதறியது. அப்போது சொன்னேன், அந்தப் பாழாய்ப் போன வார்த்தையை. "எனக்குத்தான் ஒண்ணும் ஆகலயே. பூட்டு பிடிச்சுருச்சில்ல? நீங்க இல்லாட்டியும் அது பிடிக்கும் அக்கா. அதுக்குத்தானே அத வாங்கி வச்சிருக்கு."

ருமேனியாவுக்குப் போனவன் சொன்னதையும், நான் அவனைத் திட்டினதையும் அந்த நேரம் மறந்தேபோனேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் நான் எதுக்கு தம்பி நின்னேன்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "சும்மா இருங்க அக்கா" என்றேன். அவர் பட்டியைக் கழற்றினார். கருவியைத் துடைத்தார். கயிற்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டு, எல்லாவற்றையும் என் பைக்கருகில் அடுக்கி வைத்துவிட்டு, தேயிலைக்கு நடுவே இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. லயத்துக்குப் போனேன். தேத்தண்ணி கொடுத்தார், சீனி கூடவே போட்டு. சேலைக்கரையைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், பிழை என்னுடையதுதான் என்று கெஞ்சினேன். "இல்ல தம்பி. இனி பிடிச்சா பயந்து பயந்துதான் பிடிப்பேன். பயந்த கை இழுக்கத்தான் பாக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். நான் பாதை திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன், வாசலிலேயே நின்றார்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் கீழிருந்து ஒரு தடவைகூட ஏறவில்லை. பாறைக்குப் பின்பக்கப் புல்லுக்குள் நானே ஒரு பாதை வெட்டிக்கொண்டேன். அதில் சுற்றிப் போய் உச்சியிலிருந்து கயிற்றைப் போட்டுவிடுவேன். வருகிறவர்களுக்கு நானே கீழே நின்று பிடிக்கிறேன். அவர்கள் மேலே போய்ப் படம் எடுக்கிறார்கள், இறங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். எனக்கு அக்காவின் நினைப்பு வராத நாள் குறைவு. அவரைப் பார்த்தால் சொல்ல ஒரு பேச்சை மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். பூட்டு ஆயிரம் கடையில் கிடைக்கும் அக்கா, நீங்க கீழ நிக்கிறீங்கன்னுதான் நான் ஏறினேன். இவ்வளவுதான் அந்தப் பேச்சு.

போன ஆவணியில், பெரகலையிலிருந்து வந்த வெல்லவாய பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கை முன் சீட்டுக் கம்பியில். பக்கத்தில் இடம் இருந்தது, போய் உட்கார்ந்தேன். சுகம் விசாரித்தார். மகள் இன்னும் குவைத்தில்தானாம். தோட்டத்தில் வேலை வாரத்துக்கு மூன்று நாள்தானாம். அவர் இறங்கும் இடம் வரப் போனது.

"இப்ப யாரு தம்பி கீழ நிக்கிறா?" என்று கேட்டார், கம்பியைப் பார்த்தபடியே.

"யாரும் வேணாம் அக்கா. பின்பக்கத்தால சுத்திப் போய் மேல இருந்தே கயித்தப் போட்டுர்றேன். ஆளே தேவப்படல" என்றேன். கொஞ்சம் பெருமையாகக் கூடச் சொன்னேன்.

"ஓ..." என்றார். "அது நல்லது தம்பி. அதுதான் பயமில்லாதது."

இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் புறப்பட்டது. அடுத்த வளைவு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா கேட்டது பாறையைப் பற்றி இல்லை. நான் திரும்ப வரட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். நானோ, நீங்கள் தேவையில்லை என்று இரண்டாம் தடவையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருக்கிறேன். எழுந்து மணியை அடித்துவிட்டேன். பஸ் வேகம் குறைந்தது. கொண்டக்டர் திரும்பிப் பார்த்து, "எங்க எறங்கணும்?" என்றான்.

அவரிடம் போய் என்ன முகத்தோடு நிற்பது என்று தெரியவில்லை. "எங்கயும் இல்ல, கை பட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.